கியர் மாறிய கார், மாறாத காகிதம்

டாட்சன் 240 இசட் 1971-லும் 1973-லும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்ற கார். அதே கார் மூன்று வேக ஆட்டோ கியரோடும் விற்பனைக்கு வந்தது. அப்படி ஓர் ஆட்டோ வண்டி பினாங்கில் ஒருவர் கைக்குக் கிடைத்தால் அடுத்து என்ன ஆசை வரும் என்று சொல்லத் தேவையில்லை. ஆயிர் ஈத்தாமிலிருந்து பாலேக் புலாவுக்கு ஏறி இறங்கும் வளைவுகளில் கிளட்ச் மிதித்து, கியரைத் தட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆசையில் தப்பில்லை. (மாலை 5 மணிக்குப் பினாங்குப் பாலத்து நெரிசலில் இடது காலிடம் கேட்டால் அது வேறு பதில் சொல்லும்.) வேலையும் முடியாத வேலையல்ல, தெரிந்த ஃபோர்மேன் செய்துவிடுவார். பலர் சிக்கிக்கொள்வது அதற்குப் பிறகுதான். கார் மேனுவலாகிவிடும், கெரான் (வண்டியின் பதிவுப் பத்திரம்), இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றும் ஆட்டோவாகவே கிடக்கும்.

முதலில் இரும்பு வேலையைப் பார்ப்போம். கியர் பாக்ஸை மட்டும் கழற்றி மாட்டுவதோடு இது முடியாது. கிளட்ச் பெடல், அதன் மாஸ்டர் சிலிண்டர், கீழே ஸ்லேவ் சிலிண்டர், ஃபிளைவீல், கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங், சில வண்டிகளில் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம்கூட மாறும். விலை பேசும்போது பாதிச் சாமான் விட்டுப்போய், வேலை நடுவில் நிற்கும்போது ஒவ்வொன்றாகப் பில்லில் ஏறுவது வழக்கமான கதை.

இதில் உயிரோடு விளையாடும் இடங்கள் இரண்டு. ஆட்டோ வண்டியில் என்ஜினுக்குப் பின்னால் இருப்பது மெல்லிய தகடு. மேனுவலுக்கு அங்கே கனமான ஃபிளைவீல் வேண்டும். தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் பெரும்பாலும் நீளம் குறைந்தவை. அவற்றையே கனமான ஃபிளைவீலுக்கும் போட்டால் நாலைந்து மரைதான் பிடித்திருக்கும். நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும் அந்த இரும்பு ஓட்டுநரின் பாதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. புது போல்ட், டார்க் ரெஞ்ச், இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள்.

மற்றொன்று ஸ்டார்ட்டர் ஒயர். ஆட்டோ கார், பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அந்தக் கியர் பாக்ஸ் போனதும் அதிலிருந்த சுவிட்சும் போய்விடும். அவசரக்காரர்கள் இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்துவிடுவார்கள். பிறகு கியரில் நிற்கும் காரில் சாவியைத் திருப்பினால் வண்டி முன்னால் பாயும். ஜார்ஜ்டவுனில் கடைவீட்டு அஞ்சடியை ஒட்டி நிறுத்திய கார் பாய்ந்தால் எங்கே போய் நிற்கும்? கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்தால் தீர்ந்துவிடும் விஷயம் இது. காரை எடுக்கும்போது, கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகிறதா என்று அங்கேயே, முன்னால் ஆளில்லாத இடத்தில், நியூட்ரலில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகக்கூடாது.

இனிக் காகிதம். வண்டி எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவும் இருக்க வேண்டும் என்பதுதான் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் எதிர்பார்ப்பு. வேலையைத் தொடங்கும் முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யிடம் எழுத்து மூலம் கேட்டு, அனுமதியோ புஸ்பாகோம் வாகனச் சோதனையோ வேண்டுமானால் அதன் பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்" என்ற பட்டறைப் பேச்சு ரோட் பிளாக்கில் உதவாது. பழைய வண்டிச் சாமான் விற்கும் கடை போத்தோங்கில் ஹாஃப்-கட் (வெட்டியெடுத்த பாதி வண்டி) வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. கியர் பாக்ஸோடு என்ஜினும் ஒட்டியே வரும், இரண்டையும் சேர்த்தே மாட்டிவிடலாம் என்று தோன்றும். மாட்டினால் கெரானில் இருக்கும் என்ஜின் நம்பர் வேறு, காரில் இருப்பது வேறு. ஜேபிஜே அனுமதி இல்லாமல் செய்யக்கூடாத வேலை இது. கடைக்காரரிடம் ரசீதும் கஸ்டம்ஸ் பத்திரமும் இல்லையென்றால் அந்தச் சாமானைத் தொடவே வேண்டாம்.

லைசென்ஸை யாரும் நினைப்பதே இல்லை. மலேசியாவில் 2014-லிருந்து ஆட்டோ மட்டும் ஓட்டுவதற்கான டிஏ வகை லைசென்ஸ் கொடுக்கப்படுகிறது. இளம் பிள்ளைகள் பலரிடம் இருப்பது அதுதான். நேற்று வரை அப்பாவின் காரை எடுத்துப் போன மகள், கியர் மாறிய அன்றே அதை ஓட்டும் தகுதியை இழக்கிறாள். அவள் ஓட்டி விபத்தானால், லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதாகச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடமிருக்கிறது.

இன்சூரன்சில் ஏஜெண்டிடம் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. கம்பெனிக்கே எழுதி, மாற்றத்தைப் பாலிசியில் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். பழைய காருக்குச் சந்தை விலை பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இழப்பீட்டுத் தொகையை முன்கூட்டியே பேசி முடிக்கும் பாலிசி கிடைக்குமா என்றும் கேளுங்கள். கிளெய்மை நியாயமில்லாமல் மறுத்தால், கம்பெனியின் இறுதிப் பதில் வந்து 6 மாதத்துக்குள் நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மன் சேவையிடம் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் அமைப்பு இது. பயனீட்டாளருக்குக் கட்டணம் கிடையாது.

பட்டறையோடு தகராறு வந்தால்? 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தரவேண்டும் என்கிறது. "விற்ற சாமான் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் எழுதி ஒட்டியதால் அந்த உரிமை போய்விடாது. பழைய கியர் பாக்ஸ் என்றால் அதன் விலையும், விற்றவர் சொன்ன வார்த்தையும் தரத்தை எடைபோடும்போது கணக்கில் வரும் என்பது உண்மைதான். அதனால்தான் அந்த வார்த்தையை வாட்ஸ்அப்பிலாவது வாங்கி வைக்க வேண்டும்.

கோபத்தில் காரை உடனே வேறு பட்டறைக்கு இழுத்துப் போகாதீர்கள். சரிசெய்யக் கூடிய குறையென்றால், முதல் பட்டறைக்கே எழுத்து மூலம் நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். அவர்கள் செய்யாவிட்டால் வேறிடத்தில் செய்து, செலவை அவர்களிடம் கேட்கலாம். அதற்கு வழி பயனீட்டாளர் தீர்ப்பாயம். 5 ரிங்கிட் கட்டணம், 50,000 ரிங்கிட் வரை கோரிக்கை, பிரச்சினை எழுந்து 3 ஆண்டுக்குள் மனு. பொதுவாக வக்கீலுக்கு அங்கே இடமில்லை. கோரிக்கை வரம்பைத் தாண்டினால் மிகுதியை விட்டுக்கொடுத்தும் போகலாம். காரைக் கல்யாண வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இந்தக் கதவு திறப்பது கடினம், ஏனென்றால் அது வியாபாரப் பயன்பாடு. மனு எழுத உதவி வேண்டுமென்றால் கிரீன் லேன் என்று நாம் இன்னும் சொல்லும் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

கழற்றிய ஆட்டோ கியர் பாக்ஸ் யாருக்குச் சொந்தம் என்பதையும் மதிப்பீட்டுத் தாளிலேயே எழுத வையுங்கள். எழுதாவிட்டால் அது பழைய இரும்புக்குப் போய்விடும். பன்னாட்டுப் பழங்கார் கூட்டமைப்பு, 30 வயதைத் தாண்டி, வரலாற்றுக்குப் பொருந்திய நிலையில் பேணப்பட்ட வண்டியைத்தான் பழங்காராக ஏற்கிறது. ஆகவே நாளை உங்களிடம் வாங்க வருபவர் அந்தப் பெட்டியைக் கேட்பார். எண்ணெய் வடித்து, வாயை அடைத்து, நம்பரைப் படமெடுத்து, மழை படாத மூலையில் வைத்திருங்கள்.