திரைக்குப் பின்னால் நிற்பவன்

சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு சிறு வழக்கு நடந்தது. குற்றவாளி நானா. குற்றம், கணினியில் விளையாடியது. முறைப்பாடு செய்தவள் நான்.

இரவில் நான் படிக்கும்போது அவருடைய காதொலிப்பானையும் மீறி இரைச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். திரையில் மண்டையோடுகள், நெருப்பு, நீண்ட தலைமுடியுடன் ஒருவன். உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதப் போய் ஊட்டுல வெச்சிருக்கியே மகன்!” என்று உம்மா திடுக்கிட்டுப் போனார். வாப்பா மட்டும் என்னிடம், “நீ அத முழுசாப் பாத்தியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “பாத்துட்டு வந்து சொல்லு” என்றார். அப்படிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த விளையாட்டின் பெயர் ‘ப்ரூட்டல் லெஜண்ட்’. அமெரிக்காவின் டபுள் ஃபைன் நிறுவனத்துக்காக டிம் ஷேஃபர் என்பவர் வடிவமைத்தது. 2009 ஒக்டோபரில் வெளிவந்து, 2013 இல் கணினிக்கும் வந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயரை எழுதும்போது ‘யு’ எழுத்தின் மேல் இரண்டு புள்ளிகள் இடுகிறார்கள். ஜேர்மன் மொழியில் அப்புள்ளிகள் உச்சரிப்பை மாற்றும். இங்கே அவை வெறும் அலங்காரம். ‘மோட்டர்ஹெட்’ போன்ற ஹெவி மெட்டல் இசைக்குழுக்கள் தம் பெயரைக் கம்பீரமாகக் காட்ட இப்படிப் புள்ளியிடுவது வழக்கம்.

ஹெவி மெட்டல் என்றால் என்ன? மின் கிட்டாரின் கனத்த ஒலியும் பலத்த மேளமும் உரத்த குரலும் சேர்ந்த இசை. அதன் பிறப்பைத் தேடியபோது என் வயதுப் பையன் ஒருவனைச் சந்தித்தேன். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் டோனி ஐயோமி என்ற பதினேழு வயது இளைஞன் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தான். வேலையை விட்டுப் போகவிருந்த கடைசி நாளில், இயந்திரத்தில் சிக்கி அவனது வலது கையின் இரண்டு விரல் நுனிகள் துண்டிக்கப்பட்டன. அவன் இடது கைப் பழக்கம் உள்ளவன். கிட்டார் நரம்புகளை அழுத்த வேண்டிய கை அதுவே.

இனி வாசிக்கவே முடியாது என்று மனமுடைந்திருந்தவனுக்குத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பின்பும் உலகப் புகழ் பெற்றவர். ஐயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல்களுக்கு உறை செய்தான். அதன் மேல் தோல் ஒட்டினான். நரம்புகள் அழுத்த இலகுவாக இருக்க மெல்லியவற்றைப் பூட்டினான். பின்னாளில் நரம்புகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினான். சுருதி இறங்க இறங்க ஒலி கனத்தது. 1970 இல் அவரது ‘பிளாக் சபாத்’ குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. நான் இரைச்சல் என்று சொன்ன அந்தக் கனத்துக்குள் ஒரு காயம் இருக்கிறது.

அக்குழுவின் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன், மோட்டர்ஹெட்டின் லெமி, பாடகர் ரொப் ஹால்ஃபோர்ட், கிட்டார் கலைஞர் லீட்டா ஃபோர்ட் ஆகியோர் இவ்விளையாட்டில் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் இதில் உள்ளன.

கதாநாயகன் எடி ரிக்ஸ் பாடகனும் அல்ல, கிட்டார் கலைஞனும் அல்ல. அவன் ஒரு ‘ரோடி’. இசைக்குழுவுடன் ஊர் ஊராகச் சென்று மேடை கட்டி, ஒலிபெருக்கி பூட்டி, கம்பி இழுத்து, நிகழ்ச்சி தொடங்கியதும் இருட்டுக்குள் மறைந்துவிடும் தொழிலாளி. ஒரு விபத்தில் அவன் வேறோர் உலகத்துக்குப் போகிறான். அவ்வுலகமே மெட்டல் இசைத்தட்டு உறைகளின் ஓவியம்போல இருக்கிறது. மனிதர்கள் கொடியவர்களின் பிடியில் அடிமைகளாய்க் கிடக்கிறார்கள். எடி தலைவனாக முயலவில்லை. லார்ஸ் என்பவன் தலைவனாக நிற்க, படை திரட்டுவதும் வாகனம் கட்டுவதும் மேடை அமைப்பதும் எடியின் வேலை.

விளையாடும் முறையும் இசையிலிருந்தே பிறக்கிறது. சுரங்கத்தில் தலையால் பாறை உடைக்க வைக்கப்பட்ட இளைஞர்கள் விடுதலையானதும் படைவீரர்களாகிறார்கள். மெட்டல் இரசிகர்கள் பாட்டுக்குத் தலையை வேகமாக ஆட்டுவார்களே, அதை வைத்துச் செய்த நகைச்சுவை அது. காயம்பட்டவர்களைக் குணப்படுத்துவது தாழ்ந்த சுருதி கிட்டாரின் அதிர்வு. பெரும் போர்களில் இரு பக்கமும் மேடைகள் நிற்கும். இரசிகர்களைச் சேர்த்தால்தான் படையைப் பெருக்கலாம். எதிரியின் மேடையை வீழ்த்துபவரே வென்றவர். வெறும் வெட்டுக்குத்து விளையாட்டு என்று நினைத்து வாங்கிய பலர், திட்டமிட்டு ஆட வேண்டிய இப்பகுதியைக் கண்டு திகைத்தார்களாம்.

பெற்றோர்களே, இதில் எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. இரத்தமும் கெட்ட வார்த்தைகளும் உண்டு. அவற்றைக் குறைக்கவா என்று விளையாட்டே தொடக்கத்தில் கேட்கும். ஆனாலும் இது வளர்ந்தவர்களுக்கென்று தரப்படுத்தப்பட்டது. எங்கள் தம்பியின் கண்ணில் படக்கூடாது என்பதில் உம்மாவும் நானும் ஒரே கட்சி.

ஆனால் எடியை நான் மறக்க முடியாததற்கு வேறு காரணம் உண்டு. சென்ற வருடம் தமிழ்த்தின நாடகத்தில் நான் திரை இழுத்தேன். விளக்குகளையும் கவனித்தேன். முன்வரிசையில் இருந்து பார்த்த உம்மா, வீட்டுக்கு வந்ததும் “நீ எந்த இடத்துல நின்ட மகள்?” என்று கேட்டார். அன்று நான் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன்.

இப்போது வாப்பாவிடம் அறிக்கை சொல்லும்போது எடியின் தொழிலை விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப இவனும் ஒன்னப் போல திரைக்குப் பின்னால நிக்கிறவனா?” என்று கேட்டார்.

“ஓம் உம்மா” என்றேன்.

வாப்பாவின் தீர்ப்பு: தம்பி தூங்கிய பின், ஒரு மணி நேரம், ஒலியைக் குறைத்து. நானா ஏற்றுக்கொண்டார். நான் முறைப்பாட்டை மீளப்பெற்றேன். பார்க்காமலே கொடுத்த முறைப்பாடு என்பதால் அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.