ஃபைல் இருக்கிறது, எழுத்து எங்கே?

இருபது வருடமாகக் கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்த இந்திய மொழிப் பக்கங்கள் திறக்க மறுக்கின்றன. சிறு அச்சகங்களும் பதிப்பகங்களும் கொஞ்சம் திட்டமிட்டால் பெரும்பாலானவற்றை மீட்டுவிடலாம்.

தில்லியில் கல்யாண அழைப்பிதழ் அடிக்க வேண்டுமென்றால் பலரும் முதலில் போகும் இடம் பழைய தில்லியின் சாவ்ரி பஜார். குறுகலான தெருவின் இரு புறமும் அட்டை மாதிரிகளை அடுக்கிய கடைகள். கல்யாண வீட்டார் இப்போதெல்லாம் வாசகத்தைக் காகிதத்தில் எழுதி எடுத்துவருவதில்லை, மொபைலில் அனுப்பிவிடுகிறார்கள். மொபைலில் இந்தி வாசகம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அதைக் கம்ப்யூட்டரில் ஒட்டி, க்ருதிதேவ் போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் தகராறு ஆரம்பம். எழுத்துகள் இருந்த இடத்தில் கட்டங்கள். வேறு வழியில்லாமல் ஆபரேட்டர் முழு வாசகத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். தாத்தா பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் 500 அட்டைகள் வீண்.

எதிர்த் திசையிலும் இதே கதைதான். க்ருதிதேவில் அடித்த ‘பாரத்’ என்ற இந்தி வார்த்தையை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் எச், கே, கே, ஜே, ஆர் என்று ஐந்து ஆங்கில எழுத்துகள் நிற்கும். தமிழும் தப்பவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், எழுத்துரு போனதும் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி என்று மாறிவிடும்.

இது அழைப்பிதழ்க் கடையின் தலைவலி மட்டுமல்ல. 1990-களில் கம்ப்யூட்டருக்கு மாறிய சிறு பதிப்பகங்கள், மாவட்டப் பத்திரிகைகள், மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஆண்டு மலர் போடும் சங்கங்கள் என எல்லோரிடமும் இப்படிப்பட்ட ஃபைல்கள் குவிந்து கிடக்கின்றன. அச்சில் வந்த புத்தகம் அலமாரியில் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாம் பதிப்பு போடவோ மின்னூலாக்கவோ முயலும்போதுதான் கையில் இருப்பது வெறும் குப்பை என்று தெரியவருகிறது.

வேஷம் போட்ட எழுத்து

காரணம் எளிமையானது. பழைய கம்ப்யூட்டர்களில் எழுத்துகளுக்கென்று இருந்தவை 256 இடங்கள்தான். அவற்றில் பாதியை ஆங்கிலமும் குறியீடுகளும் பிடித்துக்கொண்டிருந்தன. இந்திய மொழி எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தங்கள் எழுத்தின் படத்தை வைத்தார்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கிலம். மேலே போட்டிருப்பது இந்தி வேஷம் அல்லது தமிழ் வேஷம். எந்த எழுத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன்னிஷ்டப்படி முடிவு செய்ததால், ஒருவர் ஃபைலை இன்னொருவர் படிக்க முடியாமல் போயிற்று.

ஒழுங்குபடுத்தும் முயற்சிகளும் நடந்தன. 1991-ல் இந்திய தர நிர்ணய அமைப்பு இஸ்கி என்ற பொதுக் குறியீட்டை வெளியிட்டது. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியீடுகளையும் ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் கொண்டுவந்தது. நிலைத்தது என்னவோ உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிகோட்தான். அதன் முதல் பதிப்பு வந்தது 1991-ல். விண்டோஸ் 2000-ல் இந்திக்கு மங்கல், தமிழுக்கு லதா என்ற எழுத்துருக்களுடன் அது சாதாரண மேஜைகளுக்கும் வந்து சேர்ந்தது. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

ஆனாலும் அச்சகங்கள் அசையவில்லை. அதற்கு நியாயமும் இருந்தது. அவர்கள் பக்கம் அமைத்த பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. இன்டிசைனில் இந்திய மொழிகள் சரியாக அமைய 2012-ல் வந்த சி.எஸ்.6 பதிப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய எழுத்துருக்களில் இருந்த அலங்கார வகைகள் யூனிகோடில் வெகு நாள் கிடைக்கவில்லை.

காலம் முடிந்த கருவிகள்

இப்போது காத்திருப்பதற்கு நேரமில்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001-ல். அந்தக் காலத்து இந்திய மொழி சாஃப்ட்வேர்கள் பலவும் ‘லாக்’ எனப்படும் சிறு கருவியைப் பிரிண்டர் துளையில் செருகினால்தான் இயங்கும். இன்றைய கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே கிடையாது. 1980-களில் அடோபி உருவாக்கிய ‘டைப் 1’ எழுத்துருக்களை இன்டிசைனில் ஏற்பதை 2023 ஜனவரியுடன் அதே அடோபி நிறுத்திவிட்டது. மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அதோடு எல்லாம் போச்சு.

ஆகவே முதல் வேலை, அந்தப் பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே ஃபைல்களை வெளியே எடுப்பது. எழுத்துரு விவரம் அழியாமல் இருக்க ஆர்.டி.எஃப். அல்லது வேர்ட் வடிவில் சேமிக்க வேண்டும். வெறும் டெக்ஸ்டாக எடுப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், எது ஆங்கிலம், எது வேஷம் என்று பிரித்தறியும் ஒரே தடயம் அந்த எழுத்துருப் பெயர்தான். எழுத்துரு ஃபைல்களையும் கூடவே பிரதி எடுத்துவைப்பது அவசியம்.

அடுத்தது மாற்றும் கருவி. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பழைய முறையில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகின. ‘கெ’ என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடில் ககரம்தான் முதலில். இந்தியில் குறில் இகரக் குறியும் எழுத்தின் தலைமேல் ஏறும் ரகரமும் இதே சிக்கல். இடம் மாற்றும்போது கருவி தடுமாறுவது இந்த எழுத்துகளில்தான். தமிழில் இன்னொரு பொறியும் உண்டு: ‘ஔ’ என்ற ஓரெழுத்து ‘ஒ’, ‘ள’ என்ற இரண்டெழுத்தாகப் பிரிந்து நிற்கும். கண்ணுக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது, தேடினால் அகப்படாது. பிழை திருத்துபவர் இந்த இடங்களை முதலில் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆபரேட்டர்களின் பெரிய பயம் வேறு: பழகிய விரல்களை மாற்ற வேண்டுமே! அது தேவையற்ற பயம். குறியீடு வேறு, விசைப்பலகை வேறு. இந்தி ரெமிங்டன் முறையிலும் தமிழ் டைப்ரைட்டர் முறையிலும் அடித்துக்கொண்டே யூனிகோடில் சேமிக்க முடியும். எழுத்துருப் பஞ்சமும் இப்போது குறைந்துவிட்டது. நோட்டோ, முக்தா, பலூ போன்ற குடும்பங்கள் இந்திக்கும் தமிழுக்கும் பொது உரிமத்தில் கிடைக்கின்றன. அச்சுத் தொழிலுக்கும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். இன்டிசைனில் மட்டும் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போஸர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

கணக்குப் போட்டால் லாபம்

இத்தனை சிரமமும் எதற்கு? யூனிகோடில் இருக்கும் ஒரே மூலத்திலிருந்து அச்சுப் புத்தகம், மின்னூல், இணையப் பக்கம், வீடியோவுக்கு சப்டைட்டில் எல்லாம் எடுக்கலாம். கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டவும் செய்யும். பழைய எழுத்துருவில் இருந்தால் அச்சு ஒன்றுதான்.

ஆனால் இதை ‘சும்மா கன்வர்ட் பண்ணித் தருகிறேன்’ என்று ஒப்புக்கொள்பவர் நஷ்டப்படுவது நிச்சயம். கருவிக்கு ஒரு நிமிட வேலை, மனிதனுக்கு அப்படியல்ல. 240 பக்கப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பிழை பார்க்கப் பக்கத்துக்கு 12 நிமிடம் என்றால் மொத்தம் 48 மணி. ஒருவரால் நாளுக்கு 6 மணி நேரம் கவனமாகப் பார்க்க முடியும் என்றால் 8 நாட்கள். அதன் பிறகுதான் பக்க அமைப்பு. விலை சொல்லுமுன் புத்தகத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து நாலு பக்கம் எடுத்து, மாற்றி, திருத்திப் பார்த்தால் அந்த 12 நிமிடம் உண்மையில் 8-ஆ, 20-ஆ என்று தெரிந்துவிடும். அட்டவணையும் பாட்டும் அடிக்குறிப்பும் நிறைந்த புத்தகத்துக்குத் தனிக் கணக்கு.

வேலையைத் தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸில் ஒரு பட்டியல். ஃபைல் பெயர், பழைய எழுத்துரு, யார் பொறுப்பு, கெடு, இப்போதைய நிலை ஆகிய ஐந்து பத்திகள் போதும்.

2. ஃபைல் பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் அவை தானாகவே வரிசையில் நிற்கும். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’ என்ற குழப்பம் தீரும்.

3. கோரல் டிராவில் எழுத்துகளைக் ‘கர்வ்’ ஆக்கி அச்சுக்கு அனுப்புவது வழக்கம். அதற்குமுன் திருத்தக்கூடிய பிரதியைத் தனியே வைக்க வேண்டும். கர்வ் ஆனபின் அது படம். திருத்தவும் முடியாது, தேடவும் முடியாது.

4. படங்களை வாட்ஸப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். வழக்கம்போல அனுப்பினால் சுருங்கிவிடும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை. 1,200 புள்ளி அகலப் படம் 4 அங்குலத்துக்கு மேல் தாங்காது.

5. சப்டைட்டில் ஃபைலை யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் ஓடும்.

6. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறு கட்டடத்தில். மேஜையிலேயே இருக்கும் ஹார்ட் டிஸ்க் தீக்கும் திருட்டுக்கும் சேர்ந்தே பலியாகும்.

7. வாடிக்கையாளரின் கையெழுத்து பெற்ற புரூஃப் இல்லாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது.

எல்லா ஃபைல்களையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டியதில்லை. அடுத்த வருடம் மறுபதிப்பு வரப்போகும் புத்தகம், ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கும் மலர் என்று முதலில் பட்டியலிட்டு, மாதத்துக்கு ஒன்றிரண்டாக முடித்தால்கூடப் போதும். புதிதாக வரும் வேலைகளை மட்டும் இன்றே யூனிகோடில் தொடங்கிவிடலாம். சாவ்ரி பஜாரில் அழைப்பிதழ் அடித்த குடும்பம் இரண்டாவது பெண் கல்யாணத்துக்கு வரும்போது, தாத்தா பெயரை மறுபடியும் அடிக்க வேண்டிய அவசியம் இருக்காது.