பிஸ்பினால்-ஏ: எலிகளில் தெரிந்தது என்ன?

பிஸ்பினால்-ஏ, சுருக்கமாக பி.பி.ஏ., பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். சேலம், நாமக்கல் பக்கம் வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பல இந்த வகைதான். கேனில் முக்கோணத்துக்குள் 1 என்றிருந்தால் அது பெட் என்ற வேறு பிளாஸ்டிக், அதில் பி.பி.ஏ. சேர்வதில்லை. பாலிகார்பனேட் 7 என்ற 'இதர' பிரிவில் வரும். டீசல் பங்கில் லாரி ஓட்டுநர் வாங்கும் வழவழப்பான பில்லிலும் பி.பி.ஏ. இருக்கலாம். பிளாஸ்டிக் சூடானால் பி.பி.ஏ. கசிவு கூடும். கேன்களை வெயிலில் அடுக்கி வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

உடலுக்குள் ஆக்சிஜன் பயன்படும்போதே ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான பொருள்களும் உண்டாகின்றன. கேட்டலேஸ், குளுட்டதயோன் பெராக்சிடேஸ் முதலிய நொதிகள் அவற்றை உடனுக்குடன் அடக்குகின்றன. அடக்குவதைவிட உண்டாவது மிகுந்தால் அதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

பி.பி.ஏ. இந்த அழுத்தத்தை உண்டாக்குகிறதா என்று எலிகளில் சோதித்த முக்கிய ஆய்வொன்று புதுவைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பி.பி. மாத்தூர் குழுவினர் 2003இல் அதை வெளியிட்டனர். ஆண் விஸ்டார் எலிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.2, 2, 20 மைக்ரோகிராம் என மூன்று அளவுகளில் 45 நாள் வாய்வழியே பி.பி.ஏ. கொடுத்தார்கள். கால் கிலோ எலிக்குக் குறைந்தபட்ச அளவு ஒரு கிராமில் 2 கோடியில் ஒரு பங்கு! எலிகளின் எடை மாறவில்லை. பார்வைக்கு நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் விந்தணுக்களில் காப்பு நொதிகள் குறைந்து, பெராக்சைடும் கொழுப்புச் சிதைவும் ஏறியிருந்தன. அணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் சரிந்தன. விந்தணுவின் சவ்வில் எளிதில் சிதையும் கொழுப்பு அதிகம். காப்பு நொதி வைத்துக்கொள்ள இடமோ சொற்பம். அடி அங்கே முதலில் விழுவதில் வியப்பில்லை. அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வில், வைட்டமின் சி சேர்த்துக் கொடுத்தபோது இந்த அழுத்தம் தணிந்தது.

எலிக்கு நேர்வது அப்படியே மனிதருக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. மனித உடல் பி.பி.ஏ.யைக் கல்லீரலில் மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. எலியில் அது பித்தம் வழியே குடலுக்குப் போய்த் திரும்பவும் உள்ளே வருகிறது. அறிஞர்களிடையே பிணக்கும் தீரவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் என்ற தினசரி வரம்பை 0.2 நானோகிராமுக்கு, அதாவது 20,000 மடங்கு, குறைத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்கவில்லை. 200 நானோகிராம் போதும் என்றது. புதுவை எலிகளுக்குக் கொடுத்த மிகக் குறைந்த அளவும் அதுதான். இந்தியாவில் குழந்தைகளின் பால் புட்டிகளுக்கான தர விதி 2015இல் பி.பி.ஏ.யை விலக்கிவிட்டது.