கொதிக்க வைத்தாலும் குடிக்கக் கூடாது: ஒரு நகரத்தின் குழாய்நீரை 3 நாள் நிறுத்திய பச்சைப் பாசி

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை அதிகாலை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டொலிடோ நகர மக்களுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்.

தண்ணீர் சரியில்லை என்றால் காய்ச்சிக் குடி என்பதுதான் எல்லா ஊரிலும் சொல்லும் அறிவுரை. இங்கே அதுவே ஆபத்து. நீர் ஆவியாகும், அதில் இருக்கும் நச்சு அப்படியே தங்கும். காய்ச்சக் காய்ச்ச நச்சின் அடர்த்திதான் கூடும்.

ஏறத்தாழ 5 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். விடிவதற்குள் கடைகளில் பாட்டில் தண்ணீர் காலி. மூன்றாம் நாள் தடை நீங்கியபோது, அப்போதைய மேயர் மைக்கேல் காலின்ஸ் கேமராக்களுக்கு முன்னால் ஒரு கிளாஸ் குழாய்த் தண்ணீரைக் குடித்துக் காட்டினார்.

தண்ணீரில் அப்படி என்ன இருந்தது?

மைக்ரோசிஸ்டின். 'நீலப்பச்சைப் பாசி' என்று அழைக்கப்படும் சயனோபாக்டீரியா உருவாக்கும் நச்சு இது. கல்லீரலைப் பாதிக்கும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டும் வரம்பு. புரியும்படி சொன்னால், 10,000 லிட்டர் தண்ணீர் லாரி 100 நிற்கிறது, அத்தனையிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம். அவ்வளவுதான். டொலிடோவின் குடிநீர் அந்த வரம்பைத் தாண்டியிருந்தது.

பாசி எங்கிருந்து வந்தது?

டொலிடோவுக்குக் குடிநீர் தருவது ஈரி ஏரி. அதன் மேற்குப் பகுதி ஆழம் குறைவானது, கோடையில் சீக்கிரம் சூடாகும். அதே பகுதியில்தான் மாமி ஆறு வந்து கலக்கிறது. இந்த ஆற்றின் வடிநிலம் ஒஹையோ, இந்தியானா, மிச்சிகன் என மூன்று மாநிலங்களில் பரவியிருக்கிறது. பெரும்பகுதி சோளமும் சோயாவும் விளையும் வயல்கள்.

வயலில் போடும் ரசாயன உரத்திலும் மாட்டுச் சாணத்திலும் பாஸ்பரஸ் இருக்கிறது. பயிர் எடுத்துக்கொண்டது போக மிச்சம் மழையோடு ஓடிவிடும். ஈரமான அந்த மண்ணை வடிய வைக்க வயல்களுக்கு அடியில் குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். அந்தக் குழாய்கள் வழியாகவும் பாஸ்பரஸ் ஆற்றுக்குப் போகிறது. பயிருக்கு எது உரமோ, பாசிக்கும் அதுவேதான் உரம்.

2014-ல் பாசி ஒன்றும் சாதனை அளவில் இல்லை. 2011-ல் இதைவிடப் பெரிதாகப் பரவியிருந்தது. ஆனால் இந்த முறை காற்று அதை நகரம் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கே தள்ளிவிட்டது.

இதற்கு முன் இந்தப் பிரச்சினை வந்ததில்லையா?

வந்தது, தீர்த்தும் இருக்கிறார்கள். 1960-களில் ஈரி ஏரியை 'செத்துப்போன ஏரி' என்றே பேசினார்கள். அப்போது முக்கியக் காரணம் நகரக் கழிவுநீரும் சோப்புத்தூளில் இருந்த பாஸ்பேட்டும். 1972-ல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டன. நகரங்கள் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தின, சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் குறைத்தார்கள். 1980-களில் ஏரி மீண்டது.

அன்று அது முடிந்ததற்குக் காரணம் எளிது. கழிவு ஒரு குழாய் வழியாக வந்தது, குழாய்க்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார், அவருக்கு உரிமம் கட்டாயம். இன்று மாமி ஆறு கொண்டுவரும் பாஸ்பரஸில் மிகப் பெரும்பகுதி ஆயிரக்கணக்கான வயல்களில் இருந்து வருகிறது. மழையோடு வயலில் இருந்து ஓடும் நீருக்கு அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் உரிமம் கேட்பதில்லை.

நகரம் என்ன செய்தது?

தன் கைக்குள் இருந்ததைச் செய்தது. சுத்திகரிப்பு நிலையத்தைப் புதுப்பிக்க 50 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது, ஓசோன் சுத்திகரிப்பைச் சேர்த்தது. பாசி வருவதை முன்கூட்டியே அறிய ஏரியில் மிதக்கும் சென்சார்கள் வந்தன. ஆனால் இதெல்லாம் வந்த நச்சை நீக்கும் வேலை. பாஸ்பரஸ் வருவதை இது தடுக்காது.

அதனால் மக்களே ஒரு படி மேலே போனார்கள். ஈரி ஏரிக்குச் சட்டப்படி உரிமைகள் உண்டு என்று அறிவிக்கும் சாசனம் 2019 பிப்ரவரியில் டொலிடோவில் வாக்கெடுப்புக்கு வந்தது. 61% பேர் ஆதரித்தார்கள். ஒரே வருடத்தில் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இல்லை, நகரத்தின் அதிகார எல்லையையும் மீறுகிறது என்பது தீர்ப்பின் சாரம்.

மேலே இருப்பவர்கள் சும்மா இருந்தார்களா?

அப்படியும் சொல்ல முடியாது. உறைந்த நிலத்திலும் நீர் தேங்கிய நிலத்திலும் உரம் போட 2015-ல் ஒஹையோ இந்தப் பகுதியில் தடை போட்டது. ஒஹையோ, மிச்சிகன், கனடாவின் ஒண்டாரியோ மூன்றும் 2025-க்குள் பாஸ்பரஸை 40% குறைப்பதாக ஒப்புக்கொண்டன. உரத்தைக் கவனமாகப் பயன்படுத்தும் விவசாயிகளுக்குப் பணம் தரும் 'எச்2ஒஹையோ' திட்டம் 2019-ல் வந்தது. ஆனால் அதில் சேர்வது அவரவர் விருப்பம். 40% இலக்கு எட்டப்படவில்லை.

முழுப் பழியையும் விவசாயி தலையில் போடுவதும் நியாயமில்லை. பல வருடங்களாக மண்ணில் சேர்ந்த பழைய பாஸ்பரஸ், உரத்தைக் குறைத்த பிறகும் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

இப்போது நிலைமை என்ன?

மாமி ஆறு எவ்வளவு பாஸ்பரஸைத் தாங்கும் என்று வரையறுக்கும் ஒஹையோவின் திட்டத்துக்கு 2023-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைப்பு ஒப்புதல் தந்தது. அது போதாது என்று டொலிடோ நகரமும் அது அமைந்துள்ள லூகஸ் மாவட்டமும் 2024-ல் வழக்குப் போட்டன.

ஏன் வழக்கு வரை போக வேண்டும்? உரம் விழும் வயல் மேயரின் எல்லைக்கு வெளியே இருக்கிறது, நச்சு வரும் குழாய் மட்டும் அவர் எல்லைக்குள். சுத்திகரிப்புக்கு ஆகும் செலவோ மாதாமாதம் டொலிடோ வீடுகளின் தண்ணீர் பில்லில் வந்து நிற்கிறது.