முப்பதாம் நாளைத் தவறவிடாதீர்கள்!



கள்ளிக்காடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற எல்லைப்புற ஊர்களிலிருந்து பிழைப்புக்காகப் பட்டணம் சென்ற குடும்பங்கள் நம்மில் அநேகம். பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு வருவதும், பின்பு குழந்தையுடன் பட்டணம் திரும்புவதும் நம் வழக்கம். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இதனால் கேடில்லை. ஆனால் எட்டு மாதம் நிறையுமுன், ஒன்றரைக் கிலோ எடையில் பிறந்த குழந்தைக்கு, இந்தப் பயணங்களின் நடுவே ஒரு முக்கியமான நாள் தவறிப்போகக்கூடும். அதுவே முப்பதாம் நாள்.

சென்னையில் நடந்தது

1996 ஆகஸ்ட் மாதம், சென்னை எழும்பூர் அரசு தாய்சேய் மருத்துவமனையில் 29 வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1250 கிராம். சுமார் 25 நாட்கள் இன்குபேட்டரில் இருந்து உயிர் பிழைத்து வீடு வந்தது. ஆனால் விழித்திரைப் பரிசோதனை செய்யப்படவில்லை. அது தேவை என்று பெற்றோருக்கு அறிவிக்கப்படவும் இல்லை. நாலரை மாதத்தில் நோய் தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. குழந்தை பார்வையை இழந்தது. தந்தை நீதி கேட்டுப் போராடினார். 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அப்போது அந்த மகளுக்கு வயது 18. பணம் கிடைத்தது, பார்வை கிடைக்கவில்லை.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவின் நான்காம் மாதத்தில் வளரத் தொடங்கி, பிரசவ காலத்தை ஒட்டியே முழுமை அடைகின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அவ்வளர்ச்சி பாதியில் நின்றுவிடுகிறது. பின்பு குழாய்கள் தாறுமாறாகக் கிளைத்து, தழும்பாகி, விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடுகின்றன. அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன் இதற்கு ஒரு முக்கிய காரணம். 1942இல் அமெரிக்க மருத்துவர் டெர்ரி இந்நோயை முதலில் விவரித்தார். இன்று இதனை ஆர்.ஓ.பி. என்று அழைக்கின்றனர். இதில் ஐந்து கட்டங்கள் உண்டு. ஆரம்பத்தில் வெளியே ஓர் அடையாளமும் தெரியாது, கண் அழகாகவே இருக்கும். கண்மணி வெண்மையாகத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

34 வாரத்திற்கு முன் பிறந்த, அல்லது 2000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தையை 30 நாட்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். 28 வாரத்திற்கு முன் பிறந்தால், அல்லது எடை 1200 கிராமுக்குக் குறைந்தால், இரண்டு மூன்று வாரங்களிலேயே பார்க்க வேண்டும். சொட்டுமருந்திட்டுக் கண்மணியை விரித்துப் பார்ப்பார்கள். ஒருமுறை பார்த்ததோடு முடியாது. குழாய்கள் முழுதும் வளரும்வரை, மருத்துவர் குறிக்கும் நாட்களில் மீண்டும் செல்ல வேண்டும். சிகிச்சை தேவையென்றால் இரண்டு மூன்று நாட்களுக்குள் லேசர் அல்லது ஊசி மருந்து அளிக்கப்பட வேண்டும்.

எல்லாக் கண் மருத்துவரும் இப்பரிசோதனையைச் செய்வதில்லை. ஆகவே வீடு திரும்பும் நாளிலேயே, "விழித்திரையை எங்கே, எந்தத் தேதியில் காட்ட வேண்டும்?" என்று கேட்டு டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஊர் மாறினால் அந்தச் சீட்டும் உடன் வரட்டும்.

தடைகள்

"நாற்பது நாள் ஆகாமல் பிள்ளையை வெளியே எடுக்காதே" என்று பாட்டிமார் சொல்வதுண்டு. அது அன்பினால் சொல்வதே. ஆனால் இந்நோய் நாற்பதாம் நாள்வரை காத்திருப்பதில்லை. குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து, துணியால் போர்த்திக் கொண்டுபோகலாம். ஜெபித்த குடும்பம் அதே நாளில் மருத்துவரிடமும் செல்லலாம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையல்ல.

பார்வை குறைந்துபோனால்

தாயே, இது உன் குற்றமன்று. சிகிச்சையால் பார்வை காக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் வரக்கூடும். ஆகையால் ஆண்டுதோறும் பரிசோதனை அவசியம். பார்வை இல்லாத குழந்தையைத் தூக்குமுன் பெயர் சொல்லி அழையுங்கள். கரண்டி, துணி, இலை என்று ஒவ்வொன்றையும் அதன் கையில் கொடுத்துப் பெயர் சொல்லுங்கள். அதை ஒரு மூலையில் மௌனமாகக் கிடத்தாதீர்கள். திருவனந்தபுரம் வழுதக்காட்டில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி உண்டு. கல்வியின் வாசல் அடைபட்டுவிடவில்லை.

சபையாரே, குறைமாதக் குழந்தையைக் காணச் செல்லும்போது சோப்பும் பவுடரும் கொண்டு செல்கிறோம். இனிமேல் ஒரு கேள்வியையும் கொண்டு செல்வோம்: "விழித்திரையைக் காட்டியாயிற்றா?" அந்தக் கேள்வி ஒரு பிள்ளையின் பார்வையைக் காக்கக்கூடும்.