பாதியில் நின்ற ஃபைலை மறுபடி முதலில் இருந்து அனுப்பணுமா? 'ஆர்சிங்க்' இருந்தா தேவையில்லை!

ஆலங்குடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்குன்னு வைத்துக்கொள்வோம். கல்யாண போட்டோ 2,000-ஐ சென்னையில் ஆல்பம் டிசைன் செய்பவரின் கம்ப்யூட்டருக்கு அனுப்பணும். 1,400 போனதும் கரன்ட் கட்! மறுபடியும் முதலில் இருந்தா? இந்தத் தலைவலிக்குத்தான் 'ஆர்சிங்க்' என்ற இலவச டூல் இருக்கிறது.

ஆர்சிங்க் என்றால் என்ன?

பட்டன், மெனு எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை டைப் செய்யணும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996 ஜூனில் வெளியிட்டது. லினக்ஸ் சர்வர்களில் பேக்கப் எடுக்க இன்றும் இதுதான் பலரின் முதல் சாய்ஸ். ஆண்ட்ராய்டு போனிலும் 'டெர்மக்ஸ்' ஆப் மூலம் போட்டுக்கலாம்.

எப்படி வேலை செய்யுது?

அனுப்பும் முன் ஒவ்வொரு ஃபைலின் அளவையும், கடைசியாக மாற்றிய நேரத்தையும் இரு பக்கமும் ஒப்பிடும். இரண்டும் ஒத்துப்போனால் தாண்டிவிடும். அதனால் மீதி 600 மட்டும்தான் போகும். இதற்கு முதல் முறையே 'ஹைஃபன் ஏ' சேர்த்து அனுப்பியிருக்கணும். அப்போதுதான் ஃபைலின் நேரம் மாறாமல் போய்ச் சேரும்.

ஏற்கெனவே அனுப்பிய பெரிய ஃபைலில் கொஞ்சம் மாற்றம் இருந்தால்? பெறும் கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள பழைய ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரி ஒரு எண்ணைக் கணக்கிட்டு அனுப்பும். பொருந்தாத பகுதி மட்டும் இங்கிருந்து போகும். டேட்டா மிச்சம்!

எங்கே உஷாரா இருக்கணும்?

* 'டெலீட்' ஆப்ஷன்: மூல ஃபோல்டரில் இல்லாததை மறுபக்கத்தில் அழித்துவிடும். ஃபோல்டர்களை இடம் மாற்றி டைப் செய்தால் ஒரே பேக்கப்பும் காலி.

* சாய்வுக்கோடு: மூல ஃபோல்டர் பெயருக்குப் பின் அதைப் போட்டால் உள்ளே இருப்பது மட்டும் போகும். போடாவிட்டால் ஃபோல்டரோடு போகும்.

* பழைய வெர்ஷன்: 2025 ஜனவரியில் இதில் 6 பாதுகாப்புக் குறைகள் வெளியாகின. அதில் ஒன்றின் தீவிர மதிப்பெண் 10-க்கு 9.8. வெர்ஷன் 3.4.0-வில் சரிசெய்யப்பட்டது. அதற்கு முந்தையதை வைத்திருந்தால் உடனே அப்டேட் செய்யுங்க.

* இணையம் வழியாக அனுப்பும்போது எஸ்எஸ்ஹெச் மூலமே அனுப்புங்க. ஃபைல் மறையாக்கம் ஆகிப் போகும், நடுவில் யாரும் படிக்க முடியாது.

முதல் தடவை என்ன செய்யலாம்?

கட்டளையில் 'ஹைஃபன் வி'யோடு 'ட்ரை ரன்' ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டுங்க. எது போகும், எது அழியும் என்ற பட்டியல் மட்டும் வரும். எந்த ஃபைலும் மாறாது. பட்டியல் சரியா இருந்தா, அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டு அனுப்புங்க.