சேதத்துக்கு யார் பணம் கொடுப்பது? நியூயோர்க்கிலிருந்து ஒரு பாடம்

வரவு செலவுத் திட்டம் சமர்ப்பிக்கப்பட்ட மறுநாள் பத்திரிகைகளில் ஓர் அட்டவணை வரும். கல்விக்கு இவ்வளவு, சுகாதாரத்துக்கு இவ்வளவு, சுற்றாடலுக்கு இவ்வளவு. உயர்தர வகுப்பில் அதைக் காட்டி, போன வருடத்தை விடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று மாணவர்களிடம் கேட்பது என் வழக்கம். ஒருமுறை மாணவி ஒருத்தி என்னையே திருப்பிக் கேட்டாள்: "சேர், இந்தச் சல்லிய யாரு குடுக்குற?"

எவ்வளவு என்பதை விட யாருடைய பணம் என்பது பெரிய கேள்வி. அதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் நல்ல உதாரணம்.

நியூயோர்க் ஒரு நகரம் மட்டுமல்ல, அதே பெயரில் ஒரு மாநிலமும் உண்டு. அதற்குச் சொந்தமான சட்டசபை இருக்கிறது. செனட் சபையில் 63 பேர், கீழ்ச்சபையில் 150 பேர். நமது மாகாண சபைகளைப் போலன்றி, அந்த மாநிலம் வருமான வரியையும் விதிக்கலாம். ஆளுநர் ஜனவரியில் வரவு செலவுத் திட்டத்தை முன்வைப்பார். ஏப்ரல் முதலாம் திகதி நிதியாண்டு தொடங்கும். இடைப்பட்ட காலத்தில் இரு சபைகளின் நிதிக் குழுக்களும் துறை துறையாகப் பகிரங்க விசாரணை நடத்தும்.

இதில் செனட் நிதிக் குழுவின் தலைமைப் பொறுப்பை 2019இல் ஏற்றவர் லிஸ் குரூகர். மன்ஹட்டனிலிருந்து தெரிவான ஜனநாயகக் கட்சி உறுப்பினர். நிதிக்குப் பொறுப்பானவர் கொண்டுவரும் சுற்றாடல் சட்டமூலங்களில் "யார் செலுத்துவது" என்ற கேள்வி முதலில் நிற்பதில் ஆச்சரியமில்லை.

மூன்று பணப்பைகள்

நியூயோர்க்கில் சுற்றாடலுக்கான பணம் வரும் வழிகளில் மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது வரி. 1993இல் உருவாக்கப்பட்ட சுற்றாடல் பாதுகாப்பு நிதியத்துக்கு, காணியும் வீடும் கைமாறும்போது அறவிடப்படும் வரியிலிருந்து பெரும்பங்கு கிடைக்கிறது. 2025-26 நிதியாண்டில் அதற்கு 425 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது.

இரண்டாவது கடன். சுத்தமான நீர், வெள்ளப் பாதுகாப்பு போன்ற வேலைகளுக்காக 4.2 பில்லியன் டொலர் கடன் பெறுவதற்கு 2022 நவம்பரில் மாநில மக்கள் வாக்களித்து அனுமதி கொடுத்தார்கள். ஆனால் கடனை வட்டியோடு திருப்பிச் செலுத்துவதும் அதே மக்கள்தான்.

மூன்றாவது, சேதம் செய்தவரிடமே அறவிடுவது. குரூகர் செனட்டிலும் ஜெப்ரி டினோவிட்ஸ் கீழ்ச்சபையிலும் முன்வைத்த காலநிலை மாற்ற சுப்பர்பண்ட் சட்டம் இந்த வகையைச் சேர்ந்தது. 2024 டிசம்பர் 26ஆம் திகதி ஆளுநர் கெத்தி ஹோச்சுல் அதில் கையொப்பமிட்டார். அதே ஆண்டு மே மாதம் வேர்மண்ட் மாநிலம் இத்தகைய சட்டத்தை முதன்முதலில் கொண்டுவந்திருந்தது.

"சுப்பர்பண்ட்" என்ற பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. நியூயோர்க் மாநிலத்தின் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் லவ் கனல் என்றொரு குடியிருப்பு. இரசாயனக் கம்பனி ஒன்று கழிவுகளைப் புதைத்த நிலத்தின் மேல் பாடசாலையும் வீடுகளும் கட்டப்பட்டன. 1978இல் விடயம் வெளிவந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதன் விளைவாக 1980இல் அமெரிக்க மத்திய அரசு கொண்டுவந்த சட்டமே சுப்பர்பண்ட். நிலத்தை நஞ்சாக்கியவர் சுத்தப்படுத்தும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. குரூகரின் சட்டம் இதே விதியை நிலத்திலிருந்து வானத்துக்குக் கொண்டு செல்கிறது.

கணக்கு எப்படி?

2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஒரு பில்லியன் தொன்னுக்கு மேற்பட்ட பச்சைவீட்டு வாயுக்களுக்குக் காரணமான எண்ணெய், எரிவாயு, நிலக்கரிக் கம்பனிகள் மட்டுமே இதில் அடங்கும். மொத்தமாக அறவிட வேண்டியது 25 வருடங்களில் 75 பில்லியன் டொலர், அதாவது வருடத்துக்கு 3 பில்லியன். ஒரு கம்பனியின் பங்கு நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால், அது வருடத்துக்கு 150 மில்லியன் செலுத்த வேண்டும். இந்தப் பணம் வடிகான்கள், கரையோரத் தடுப்புகள், வெள்ளத்தைத் தாங்கும் வீதிகள் போன்றவற்றுக்குப் போகும்.

தேவை கற்பனையானதல்ல. 2021 செப்டம்பரில் ஐடா புயலின் எச்சம் நியூயோர்க் நகரைத் தாக்கியபோது ஒரே மணித்தியாலத்தில் சுமார் 80 மில்லிமீற்றர் மழை பெய்தது. நகரில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் அதிகமானோர் நிலத்துக்குக் கீழுள்ள அறைகளில் வாடகைக்கு இருந்தவர்கள். வானத்தை மாசாக்கி இலாபம் கண்டவர்கள் அவர்கள் அல்லர்.

எதிர்ப்பும் பதிலும்

அன்று சட்டப்படி செய்த வியாபாரத்துக்கு இன்று கட்டணம் கேட்பது நியாயமா என்பது கம்பனிகளின் கேள்வி. 2025 பெப்ரவரியில் மேற்கு வேர்ஜீனியா தலைமையில் 22 மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. மே மாதம் மத்திய அரசும் வழக்குப் போட்டது. சவூதி அரம்கோ போன்ற வெளிநாட்டு அரச கம்பனிகளிடம் ஒரு மாநிலம் எப்படி அறவிடும் என்பதும் இலகுவில் பதில் சொல்ல முடியாத கேள்வி.

எரிபொருள் விலை கூடுமே என்பது பொதுமக்களின் பயம். இதற்குச் சட்டத்தை ஆதரிப்போர் தரும் பதில் கவனிக்கத்தக்கது. இன்று விற்கும் ஒவ்வொரு லீற்றருக்குமான வரியல்ல இது, கடந்தகாலப் பங்குக்கான நிலையான தொகை. இந்தக் கட்டணம் இல்லாத போட்டியாளர் பக்கத்தில் இருக்கும்போது, விலையைக் கூட்டும் கம்பனி தன் வாடிக்கையாளரை இழக்கும்.

குரூகரின் இன்னொரு முயற்சியும் இதே கேள்வியைச் சுற்றியதே. எரிவாயுக் குழாயிலிருந்து 100 அடிக்குள் கட்டப்படும் புதிய வீட்டுக்கு இலவச இணைப்பு என்பது நியூயோர்க்கின் பழைய விதி. இலவசம் என்றாலும் செலவு ஏனைய பாவனையாளர்களின் பில்லில்தான் ஏறியது. அதை நீக்கும் சட்டமூலம் 2025 ஜூனில் இரு சபைகளிலும் நிறைவேறியது.

நமது கடலோரம்

மாசாக்கியவரே செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு நமக்கும் புதிதல்ல. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021இல் நமது கடலில் எரிந்து மூழ்கியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. கப்பல் கம்பனியோ செலுத்த மறுத்தது. கொள்கையை ஏற்பது ஒரு படி, பணத்தைக் கையில் பெறுவது வேறொரு படி. சேதம் நடந்த பிறகு வழக்காடுவதை விட, யார் எவ்வளவு, எப்போது, எந்தக் கணக்கில் செலுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே சட்டத்தில் எழுதி வைப்பது ஏன் முக்கியம் என்பது இங்கேதான் புரிகிறது.

நியூயோர்க்கின் சட்டம் நீதிமன்றங்களில் தோற்றாலும் வென்றாலும், அது எழுப்பிய கேள்வி இலகுவில் மறையாது. வெள்ளத்தின் செலவு எப்போதும் யாரோ ஒருவரால் செலுத்தப்பட்டே வருகிறது. சட்டம் எதுவும் சொல்லாத இடத்தில், வீடு நனைந்தவரே செலுத்துகிறார்.

அடுத்த வரவு செலவுத் திட்ட அட்டவணை வரும்போது, சுற்றாடலுக்கான தொகையைப் பார்த்துவிட்டு அந்த மாணவியின் கேள்வியையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.